சிறையிலிருந்து வந்த பிரதமர்: கானாப் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 17, 2024, சனி: அக்ரா

சஹாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்று இந்நேரம் ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. வானம் முழுக்கப் புழுதி. காலை எட்டு மணிச் சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. விடுதிக்கு வந்து சேர்வதற்குள் உதடு வெடித்துவிட்டது, சட்டையும் முதுகோடு ஒட்டிக்கொண்டது. வறட்சியும் வியர்வையும் இப்படி ஒன்றாக வரும் ஊரை இப்போதுதான் பார்க்கிறேன். விடுதியில் மின்சாரமும் இல்லை. மின்வெட்டுக்கு இங்கே டும்சோர் என்று பெயர். வரவேற்பறைப் பெண் அதைச் சொல்லிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாள். மூலையைக் கடித்து உறிஞ்ச வேண்டும். கடையில் அரை சீடி. அந்த மாதம் ஒரு சீடி நம் பணத்தில் ஏறக்குறைய ஆறரை ரூபாயாக இருந்தது.

நான் வந்தது குவாமே நிக்ரூமாவுக்காக. சிறைக்குள் இருந்தபடியே தேர்தலில் வென்றவர், 1952இல் பிரதமர் ஆனவர், 1957 மார்ச் 6 அன்று தன் நாட்டுக்கு விடுதலை பெற்றுத் தந்தவர். பிரதமராக இருந்தபோது நல்லவர், 1960இல் குடியரசுத் தலைவர் ஆன பிறகு கெட்டுப்போனார் என்று அவர் வாழ்க்கையை இரண்டாக வெட்டிச் சொல்வது வழக்கம். அந்தக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறதா என்று அவர் நடந்த இடங்களில் போய்ப் பார்க்கும் ஆசை நெடுநாளாக இருந்தது.

காலைச் சாப்பாடு தெருமுனையில். வாச்சே: அரிசியையும் தட்டைப்பயறையும் சோளத் தட்டையின் இலையோடு சேர்த்து வேகவைத்துச் செந்நிறத்தில் இறக்குகிறார்கள். அதன் மேல் கறுத்த மிளகாய்க் குழம்பான ஷிட்டோ, கிழங்கு மாவு, ஒரு கரண்டி நூடுல்ஸ், அவித்த முட்டை, மாட்டுத்தோல் துண்டு. எல்லாவற்றையும் அகன்ற இலையில் மடித்து 30 சீடிக்குத் தந்தார் கடைக்கார ஆன்ட்டி. பெஞ்சில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் முதல் கவளத்தை வாயில் வைக்கும் முன் என்னைப் பார்த்து, "வாருங்கள், சாப்பிடலாம்" என்றார். என் கையில் என் பொட்டலம் இருந்தது. இருந்தாலும் அவர் சொன்னார். அடுத்து வந்தவரும் சொன்னார். யார் சாப்பிட்டாலும் எதிரில் இருப்பவரை அழைத்துவிட்டே சாப்பிடுகிறார்கள். முன்பின் தெரியாதவருக்கும் இந்த மரியாதை உண்டு.

மீதிச் சில்லறையாக வந்த 10 சீடி நோட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஆறு முகங்கள். 1948இல் ஆங்கிலேயர் கைதுசெய்த ஆறு தலைவர்கள்: நிக்ரூமா, டான்குவா, ஒபெட்செபி லாம்ப்டி, அகோ அட்ஜெய், எட்வர்ட் அகுஃபோ அடோ, வில்லியம் ஓஃபோரி அட்டா. 2024இல் குடியரசுத் தலைவராக இருந்த நானா அகுஃபோ அடோ இவர்களில் ஒருவரின் மகன். 2 சீடி நோட்டில் மட்டும் நிக்ரூமா தனியாக இருக்கிறார். ஆறு பேரும் தோளோடு தோளாகச் சேர்ந்திருக்கும் அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அடுத்த கதை தெரியாது. டான்குவாவும் லாம்ப்டியும் நிக்ரூமாவின் அரசு அடைத்துவைத்த காவலில்தான் இறந்தார்கள். அகோ அட்ஜெய்க்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டது. அது நிறைவேறவில்லை. லண்டனில் இருந்த நிக்ரூமாவின் பெயரை டான்குவாவின் கட்சியில் செயலாளர் பதவிக்குச் சொல்லி, அவரை ஊருக்கு வரவழைத்த நண்பர் அவர்தான்.

பிப்ரவரி 18, ஞாயிறு: ஜேம்ஸ்டவுன்

ஞாயிறு காலை அக்ரா முழுதும் தேவாலயத்தில் இருக்கிறது. ட்ரோட்ரோ என்ற பழைய வேன்களில் வெள்ளை உடுத்திய குடும்பங்கள். கதவில் தொங்கும் நடத்துநருக்கு மேட் என்று பெயர். "சர்க், சர்க், சர்க்" என்று ஒருவன் கத்திக்கொண்டு போனான். நிக்ரூமா வட்டம் என்ற பெரிய சந்திப்புக்குப் போகும் வண்டி. நகரத்தின் பாதி ட்ரோட்ரோக்கள் அங்கேதான் போய் நிற்கின்றன.

ஜேம்ஸ்டவுன் பழைய மீனவர் குடியிருப்பு. கடலை ஒட்டி ஜேம்ஸ் கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. பின்னால் சிறையாகி, 2008 வரை சிறையாகவே இருந்தது. தெருவில் என்னோடு சேர்ந்துகொண்ட ஓர் இளைஞர் உள்ளே அழைத்துப் போவதாகச் சொல்லி 50 சீடி கேட்டார். வாசலில் இருந்த இன்னொருவர் தனியாக 50 கேட்டார். படம் எடுக்கத் தனியாக ஒரு தொகை. பேசிப் பேசி எல்லாம் சேர்த்து 80க்கு முடிந்தது. வெயிலில் நின்று பேரம் பேசியதில் தலைவலி வந்துவிட்டது.

உள்ளே போனதும் அதெல்லாம் மறந்துபோனது. தாழ்ந்த கூரை, உப்புக்காற்று அரித்த சுவர், கம்பிக்கு அப்பால் அலையோசை. கடல் கேட்கிறது, தெரிவதில்லை. நிக்ரூமா இங்கே 1950 ஜனவரியில் வந்து சேர்ந்தார். பகிஷ்காரம், வேலைநிறுத்தம் என்று காந்தியின் வழியில் அவர் நடத்திய அறப்போருக்காக மூன்று குற்றச்சாட்டுகளில் தலா ஓராண்டு, மொத்தம் மூன்று ஆண்டுச் சிறை. அரசு எண்ணிப் பார்க்காதது இங்கேதான். ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற முடியாது என்பது சட்டம். அவருடைய தண்டனைகளோ தனித்தனியே ஓராண்டுதான். அதைக் கண்டுபிடித்து, சிறைக்குள்ளிருந்தே தன் பெயரைப் பதிவுசெய்து, அக்ரா மத்தியத் தொகுதியில் நின்றார். பென்சில் துண்டால் கழிப்பறைக் காகிதத்தில் எழுதிய செய்திகள் வெளியே போய், அவர் தனியே தொடங்கிய கட்சியை நடத்தின. 1951 பிப்ரவரி 8 அன்று வாக்கெடுப்பு. பதிவான 23,122 வாக்குகளில் அவருக்கு 22,780.

பிப்ரவரி 12 அன்று கவர்னர் சார்லஸ் ஆர்டன் கிளார்க் அவரை விடுவித்தார். வாசலில் திரண்ட கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனது. அங்கே ஆடு வெட்டி, சிறையின் தீட்டுக் கழிய அதன் குருதியில் வெறுங்காலோடு ஏழு முறை மிதிக்கச் செய்தார்கள். மறுநாள் கவர்னர் அவரை மாளிகைக்கு அழைத்து அரசு அமைக்கச் சொன்னார்.

அந்த மறுநாளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். அவர் கேட்டது உடனடித் தன்னாட்சி. கொடுக்கப்பட்டது பாதி அதிகாரம். நிதியும் நீதியும் பாதுகாப்பும் ஆங்கிலேயர் கையில். மறுத்திருந்தால் கைத்தட்டல் கிடைத்திருக்கும். அவர் ஏற்றுக்கொண்டார். தன்னைச் சிறையில் வைத்திருந்த ஆட்சியின் மேசையிலேயே உட்கார்ந்து ஆறு ஆண்டுகள் இடம் இடமாக அதிகாரத்தை வாங்கினார். ஆப்பிரிக்க அரசியலில் நான் அறிந்த மிகத் துணிச்சலான பொறுமை இது. 1952 மார்ச்சில் அவருடைய பதவியின் பெயரே பிரதமர் என்று மாறியது. சிறை சென்ற தொண்டர்களோ தொப்பியில் "சிறைப் பட்டதாரி" என்பதன் முதலெழுத்துகளைத் தைத்துக்கொண்டு அமைச்சர்களாகவும் உறுப்பினர்களாகவும் நடமாடினார்கள்.

மதியம் கோட்டைக்கு வெளியே கென்கே. மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துச் சோளத்தோகையில் உருட்டிக் கட்டி அவித்தது. பிரித்ததும் புளித்த கேழ்வரகுக் கூழின் மணம். பொரித்த மீன், அரைத்த பச்சை மிளகாய், வெங்காயம். ஓர் உருண்டை 5 சீடி, மீன் 15. மிளகாய் காதுவரை ஏறியது. அருகில் ஒரு சிறுவன் இடது கையால் காசை நீட்ட, விற்பவர் வாங்காமல் பேசாமல் காத்திருந்தார். சிறுவன் கையை மாற்றினான். அதட்டலே இல்லை.

பிப்ரவரி 19, திங்கள்: நினைவுப் பூங்கா

வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு கட்டணம். மனம் வரவில்லை, ஆனாலும் கொடுத்தேன். புதுப்பித்து 2023 ஜூலையில் திறந்த இடம். சுத்தமாக இருக்கிறது. மயில்கள் உலவுகின்றன.

இது முன்பு வெள்ளையர் போலோ ஆடிய மைதானம். கறுப்பர்களுக்கு அனுமதி இல்லாத அந்தப் புல்தரையைத்தான் 1957 மார்ச் 5 நள்ளிரவில் விடுதலையை அறிவிக்கத் தேர்ந்தெடுத்தார் நிக்ரூமா. கோட் சூட் இல்லை. கானாவின் வடபகுதிக் கைத்தறி அங்கி, தலையில் சிறைப் பட்டதாரித் தொப்பி. ஆப்பிரிக்கா முழுவதும் விடுதலை அடையாவிட்டால் எங்கள் விடுதலைக்குப் பொருளில்லை என்று அன்று சொன்னார். மார்ட்டின் லூதர் கிங் அந்த விழாவுக்கு வந்திருந்தார். நிக்ரூமா நின்று பேசிய இடத்தில் இப்போது அவருடைய வெண்கலச் சிலை கையை முன்னே நீட்டியபடி நிற்கிறது. பின்னால் சலவைக்கல் மண்டபத்தில் அவரும் மனைவி ஃபாத்தியாவும் அடுத்தடுத்து அடக்கம்.

எனக்குப் பின்பக்கத்துச் சிலைதான் முக்கியமாகப் பட்டது. பழைய நாடாளுமன்றத்தின் முன் இருந்த சிலை அது. 1966 பிப்ரவரி 24 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது கூட்டம் அதைச் சாய்த்து உடைத்தது. இப்போது தலையில்லாத உடல் ஒரு பீடத்தில், தலை தனியாக இன்னொரு பீடத்தில். தலையை யாரோ ஒரு குடிமகன் பத்திரமாக வைத்திருந்து பல ஆண்டுகள் கழித்து ஒப்படைத்திருக்கிறார். நெருங்கிப் பார்த்தேன். கழுத்து முறிந்த இடத்தில் வெண்கலத்தின் உள்பக்கம் தெரிகிறது, உள்ளே வெற்றிடம். கைகளும் இல்லை. அங்கியின் மடிப்புகள் மட்டும் வார்த்த நாளைப் போலவே கூர்மையாக இருக்கின்றன. இரண்டையும் ஒட்டவைத்துப் பளபளப்பாக்காமல் இப்படியே வைத்த முடிவை மனதாரப் பாராட்டுகிறேன்.

வழிகாட்டியிடம் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். விசாரணை இல்லாமல் ஒருவரை ஐந்தாண்டுவரை அடைத்துவைக்க வழிசெய்த தடுப்புக்காவல் சட்டம் அது. அவர் ஒளிக்கவில்லை. "அப்போது அவர் பிரதமர்தான், மேடம். குடியரசுத் தலைவர் ஆக இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது" என்றார். அதற்கு முந்தைய ஆண்டே, விடுதலை கிடைத்த சில மாதங்களுக்குள், வட்டாரத்தையும் மதத்தையும் அடிப்படையாகக் கொண்ட கட்சிகளுக்குத் தடை வந்துவிட்டது. தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியதும் இந்தத் தடையும் ஒரே பிரதமரின் வேலை. 1960இல் போடும் கோடு இங்கேயே அழிந்துபோகிறது. பின்னால் வந்ததற்கு விதை பிரதமர் காலத்திலேயே விழுந்தது, அதுவும் தேர்தலில் வென்று, பெரும்பான்மையோடு, எதிரிகள் சிறுபான்மையாக இருந்தபோது. ஆறாண்டுப் பொறுமை எங்கே போனது என்ற கேள்வியோடு வெளியே வந்தேன்.

இரவு கெலெவெலே. இஞ்சியும் மிளகாயும் புரட்டிப் பொரித்த நேந்திரம்பழத் துண்டுகள். 10 சீடி. மறுபடி மின்வெட்டு. அடுப்பு வெளிச்சத்திலேயே எண்ணிக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 20, செவ்வாய்: அகோசொம்போ

அட்டிம்போகுவில் வண்டி நின்றதும் ஜன்னலெல்லாம் தலைச்சுமைக்காரிகள். அவித்த மாவுப் பண்டமான அபோலோ, சிறுவிரல் நீளத்துக்கும் குறைவான பொரித்த மீன், ஆற்று இறால். மீனின் பெயர் "ஒன் மேன் தௌசண்ட்". ஒருவர் வாயில் ஆயிரம் போகுமாம். தலையோடு கடித்துத் தின்ன வேண்டும். உப்பும் மொறுமொறுப்புமாக நன்றாகவே இருந்தது. அங்கேயே வோல்டா ஆற்றின் மேல் அடோமி பாலம், ஒற்றை இரும்பு வில். 1957 ஜனவரியில் திறந்தது, அதாவது விடுதலைக்கு இரண்டு மாதம் முன்னால். பிரதமர் காலத்துக் கட்டுமானங்களில் நான் பார்த்தவற்றில் அழகானது இதுதான்.

அணை அங்கிருந்து பக்கம். பிரதமராக இருந்தபோதே அவர் துரத்திய கனவு. மின்சாரம் வந்தால் அலுமினிய ஆலை வரும், ஆலை வந்தால் கோகோவை மட்டுமே நம்பிய நாடு தொழில்நாடாகும் என்பது கணக்கு. அமெரிக்காவும் பிரிட்டனும் உலக வங்கியும் கடன் கொடுத்தன. 1961இல் வேலை தொடங்கி, 1966 ஜனவரியில் அவரே திறந்துவைத்தார். ஒரு மாதத்தில் பதவி போனது.

கற்களைக் குவித்துக் கட்டிய அணை. மேலே நின்றால் ஒருபக்கம் ஏரி கண்ணுக்கெட்டியவரை போகிறது. பரப்பு ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீட்டர். மனிதர் உண்டாக்கிய ஏரிகளில் உலகிலேயே பரந்தவற்றுள் ஒன்று. இதற்காக ஏறத்தாழ 80,000 பேர் ஊரைவிட்டு எழுந்தார்கள். 52 புதிய ஊர்களில் குடியேற்றினார்கள். சாப்பாட்டுக் கடையில் பரிமாறியவர் கீழ்வோல்டாக்காரர். போன செப்டம்பரிலும் அக்டோபரிலும் அணை நிறைந்து நீரைத் திறந்துவிட்டபோது அவருடைய அத்தை வீடு கூரைவரை மூழ்கியதாம். பல ஆயிரம் குடும்பங்கள் வெளியேறின. அத்தை இன்னும் உறவினர் வீட்டில்தான் இருக்கிறார். சொல்லிவிட்டுத் திலாப்பியா மீனின் நல்ல பக்கத்தை என் தட்டில் திருப்பி வைத்தார். தொட்டுக்கொள்ளப் பாங்கு என்ற புளித்த மாவுக் களி. மொத்தம் 90 சீடி. விசிறி சுற்றவில்லை. அணை அடியிலும் டும்சோர்தான். ஆனால் இந்த அணை இல்லாவிட்டால் விளக்கே எரிந்திருக்காது என்று அவரே சொன்னார்.

பிப்ரவரி 21, புதன்: மேற்கே போகும் சாலை

டாகோராடிக்கு 100 சீடிக்குச் சற்றே குறைவான டிக்கெட். கசோவா நெரிசலில் இரண்டு மணி நேரம் போனது. மன்கெசிம் தாண்டியதும் எஞ்சினில் புகை. எல்லோரும் இறங்கி மர நிழலில் உட்கார்ந்தோம். ஒருவரும் கத்தவில்லை. ஓட்டுநருக்குத் தண்ணீர்ப் பை கொடுத்தார்கள். ஒரு பாட்டி ஜெபத்தையே தொடங்கிவிட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்த மாணவருக்கு நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும், லெகான் பல்கலைக்கழகத்தில் இருந்த காந்தி சிலையை 2018இல் அகற்றியதைப் பற்றிப் பேச்செடுத்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்த இளவயதில் காந்தி கறுப்பர்களைப் பற்றி எழுதியவைதான் காரணம். "நிக்ரூமாவுக்கு வழிகாட்டியவர்தானே" என்றேன். "ஆமாம், அதையும் படித்தோம், இதையும் படித்தோம்" என்றார். கோபமில்லாமல் சொன்னார். அவர் சொன்னது நியாயம் என்றே நினைக்கிறேன்.

வண்டியைப் பழுதுபார்க்கச் சிலமணி நேரம் ஆகும் என்றதால் பங்கு டாக்ஸியில் சால்ட்பாண்டுக்குப் போய் வந்தேன். தூங்குமூஞ்சிக் கடற்கரை ஊர், பழைய வணிகர் வீடுகள். 1947 ஆகஸ்ட் 4 அன்று வழக்கறிஞர்களும் வணிகர்களும் கூடி ஐக்கிய கோல்ட் கோஸ்ட் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கிய ஊர். கோல்ட் கோஸ்ட் என்பது ஆங்கிலேயர் காலத்தில் கானாவின் பெயர். 1949இல் நிக்ரூமா அவர்களிடமிருந்து பிரிந்ததும் இங்கே நடந்த கூட்டத்தில்தான். வெளியே நின்ற கூட்டம், விலகிவிட்டு எங்களுக்குத் தலைமை தாங்குங்கள் என்று கேட்க, ஒரு பெண் கிறிஸ்தவப் பாடல் ஒன்றை எடுத்துப் பாட, அவர் அழுதுவிட்டார். படித்தவர்கள் பொறுமையாகக் கேட்ட தன்னாட்சியை அவர் இப்போதே என்று கேட்டார். சந்தைப் பெண்களும் லாரி ஓட்டுநர்களும் ஏழாம் வகுப்போடு நின்ற இளைஞர்களும் அவர் பின்னே போனார்கள். டான்குவாவோடு ஏற்பட்ட விரிசல் பதவிக்காக மட்டும் வந்ததன்று, யாருக்காக அரசியல் என்பதிலேயே இருந்தது.

டாகோராடி வந்து சேர இரவு ஒன்பது ஆகிவிட்டது. குளிக்கத் தண்ணீர் வாளியில் வந்தது. சாப்பிடாமல் படுத்தேன்.

பிப்ரவரி 22, வியாழன்: நிக்ரோஃபுல்

அக்சிம் தாண்டி அன்கோப்ரா பாலம். ஆறு பால்விட்ட தேநீர் நிறத்தில் ஓடுகிறது. மேலே கள்ளத்தனமாகத் தங்கம் கழுவுகிறார்கள். அதற்கு கலாம்சி என்று பெயர். வண்டியில் இருந்த ஒவ்வொருவரும் அதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்கள். எஸியாமாவில் இறங்கி உள்ளே திரும்பினால் ரப்பர் மரங்களும் தென்னைகளும் சூழ்ந்த நிக்ரோஃபுல். நிஸெமா மக்களின் சிற்றூர்.

நிக்ரூமா பிறந்த வீடு இருந்த இடத்தையும் முதல் கல்லறையையும் காட்டினார்கள். பெயரில் இருக்கும் குவாமே சனிக்கிழமை பிறந்த ஆணுக்கு உரியது. பதிவில் உள்ள 1909 செப்டம்பர் 21 செவ்வாய்க்கிழமை. ஆகவே 18ஆம் தேதிதான் சரியாக இருக்கும் என்று அவரே கருதினார். ஆண்டைக்கூட, சிறுவயதில் பார்த்த ஒரு கப்பல் விபத்தை வைத்துத்தான் கணக்கிட்டார். அது நடந்தது 1913. தந்தை பொற்கொல்லர். தாய் நியானிபா சிறு வியாபாரம் செய்தவர். ஆசிரியர் வேலை, 1935இல் அமெரிக்காவில் லிங்கன் பல்கலைக்கழகம், சோப்பு ஆலையிலும் கப்பலிலும் கூலி வேலை, 1945இல் மான்செஸ்டரில் ஆப்பிரிக்க மாநாடு. இந்த ஓடைக்கரையிலிருந்து அவ்வளவு தூரம்.

காவலாளியின் தாயார் பனை ஓலை விசிறியோடு வந்து உட்கார்ந்தார். மகன் மொழிபெயர்த்தார். நான் பிறந்த கிழமையைக் கேட்டார். வெள்ளி என்றதும் எனக்கு ஒரு பெயர் வைத்து அதிலேயே கூப்பிட்டார்: அஃபுவா. 1972இல் உடல் வந்த நாளை அவர் பார்த்திருக்கிறார். பதவி போனபோது நிக்ரூமா ஹனோய் போகும் வழியில் பெய்ஜிங்கில் இருந்தார். பிறகு ஊர் திரும்பவே இல்லை. கினியாவில் செகூ தூரே அடைக்கலம் தந்து இணைத் தலைவர் என்ற பட்டமும் கொடுத்தார். 1972 ஏப்ரல் 27 அன்று புகாரெஸ்டில் மருத்துவமனையில் இறந்தார். கினியாவின் தலைநகர் கோனாக்ரியில் அடக்கம் செய்து, ஜூலையில் இங்கே கொண்டுவந்தார்கள். 1992இல் அக்ராவுக்கு எடுத்துப் போனார்கள். "அம்மா உயிரோடுதான் இருந்தார்" என்றார் மூதாட்டி. நியானிபாவைச் சொன்னார். கண்பார்வை மங்கிப்போன அந்தத் தாய் பெட்டியைத் தடவிப் பார்த்ததாக ஊரில் பேசிக்கொள்வார்களாம். இதைச் சொன்னபோது மகன் மொழிபெயர்ப்பதைச் சற்று நிறுத்திவிட்டார்.

உணவு அச்செகே: கிழங்கைத் துருவிப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைத்த மணிமணியான சோறு. பொரித்த மீன், வெங்காயம், மிளகாய். பணம் கொடுக்கப் போனேன். மகன் வாங்கவில்லை. தாயாரிடம் கொடுங்கள் என்றார். அவர் 20 சீடி மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் வலது கையில் வைத்து விரல்களை மூடினார்.

பிப்ரவரி 24, சனி: அக்ரா

நேற்று முழுதும் திரும்பி வரும் வழியில் போய்விட்டது. வயிறு சரியில்லை, தேங்காய்த் தண்ணீரோடு ஓட்டினேன்.

இன்று ஆட்சி கவிழ்ந்த நாள். மக்கோலா சந்தையில் கென்டே துணி விற்கும் அம்மாவிடம், ஃபாத்தியாவின் பெயரைத் தாங்கிய பழைய நெசவு இருக்கிறதா என்று கேட்டேன். 1957இன் கடைசியில் எகிப்திலிருந்து மணமகளாக வந்த ஃபாத்தியா நிக்ரூமாவுக்கு ஏற்றவர் என்ற பொருளில் அந்த நெசவுக்குப் பெயர். 1966க்குப் பிறகு, நாட்டை ஒருவரே ஆள முடியாது என்று பொருள்படும் வேறு பெயரை வைத்துவிட்டார்கள். அவர் எடுத்துப் பிரித்தார். கரும்பச்சையும் பொன்மஞ்சளும் கட்டம் கட்டமாக. இரண்டு பெயரையும் சொன்னார். தன் பாட்டி முதல் பெயரைத்தான் சொல்வாராம். கழுத்துத் துண்டு அளவுக்கு 150 கேட்டு 120க்குக் கொடுத்தார்.

விமான நிலையம் கோடோகாவின் பெயரில் இருக்கிறது. ஆட்சியைக் கவிழ்த்த ராணுவ அதிகாரி. அடுத்த ஆண்டு ஏப்ரலில், இன்னொரு கலகத்தில், இந்த இடத்திலேயே கொல்லப்பட்டார். வாசலில் அவருக்குச் சிலை. நாட்டை உண்டாக்கியவரைத் தேடி வருகிறவர்களும் அவரை வீழ்த்தியவரின் பெயரில்தான் இறங்க வேண்டும். எனக்கு இது பொறுக்கவில்லை. ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் அஷாந்திக்காரர், குமாசியில் பிறந்தவர். சட்டென்று பதில் சொல்லவில்லை. பிறகு தன் தாத்தாவின் கோகோத் தோட்டத்தைப் பற்றிப் பேசினார். 1954இல் உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டிருந்தபோது நிக்ரூமாவின் அரசு விவசாயிக்குத் தரும் விலையை 60 பவுண்டு எடையுள்ள மூட்டைக்கு 72 ஷில்லிங் என்று கட்டிப்போட்டது. மிச்சம் பள்ளிக்கும் சாலைக்கும் துறைமுகத்துக்கும் போனது. அந்தக் கோபத்தில்தான் குமாசியில் தேசிய விடுதலை இயக்கம் பிறந்தது. அதன் பக்கம் நின்ற பேராசிரியர் புசியா எதிர்க்கட்சித் தலைவரானார், 1959இல் நாட்டைவிட்டே போனார், பத்தாண்டு கழித்துத் தானே பிரதமர் ஆனார். அவரையும் 1972 ஜனவரியில் ராணுவம் கவிழ்த்தது. அப்போது அவர் சிகிச்சைக்காக லண்டனில் இருந்தார்.

"எங்கள் தாத்தாவுக்கு நிக்ரூமாவைப் பிடிக்காது. அவர் திறந்த பள்ளியில்தான் எங்கள் அப்பா படித்தார்" என்றார். பெயரை மாற்றலாமா என்று கேட்டேன். மாற்றலாம், ஆனால் நிக்ரூமா பெயரை வைத்தால் குமாசியில் சண்டை வரும், டான்குவா பெயரை வைத்தால் நிக்ரோஃபுலில் சண்டை வரும், அக்ரா என்றே வைத்துவிடலாம் என்றார். பேசிய தொகைக்கு மேல் ஒரு சீடிகூடக் கேட்கவில்லை. பெட்டியை இறக்கித் தந்துவிட்டு, அடுத்த முறை குமாசிக்கு வாருங்கள், எங்கள் பக்கத்துக் கதையையும் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்றார். அவருடைய எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். கோகோ அறுவடை அக்டோபரில் தொடங்குமாம். அந்த மாதத்துக்கு டிக்கெட் பார்க்க வேண்டும்.